புதுச்சேரியில் குளுகுளு மாடி கட்டியவர்... ஜப்பான் வீடுகளை எரிக்கவும் உதவியவர்!

சோழவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி பக்கம் கான்கிரீட் மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது நல்லாவே தெரியும். சித்திரை பிறந்துட்டா போதும், பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் ராத்திரி பூரா அனலைக் கக்கும். கரண்ட் போனால் தூக்கமும் போச்சு.

இதே வெயிலில், இதே வங்கக்கடல் ஓரத்தில், ஃபேன் தேவைப்படாத கான்கிரீட் மாடியைத் திட்டமிட்டார் ஒரு வெளிநாட்டுக்காரர். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிதான் அது. அவர் பெயர் ஆண்டனின் ரேமண்ட்.

டோக்கியோவில் 18 வருஷம்

இன்றைய செக் குடியரசில் உள்ள கிளாட்னோவில் 1888-ல் பிறந்தவர் ரேமண்ட். 1910-ல் அமெரிக்கா போனார். புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். இம்பீரியல் ஓட்டல் கட்டும் பணிக்காக 1919 கடைசியில் ரைட்டுடன் டோக்கியோ போனவர், அங்கேயே தங்கி தனியாகத் தொழில் தொடங்கினார். மனைவி நோயெமியும் கூடவே வேலை பார்த்தார். ஜப்பானிய தச்சர்களிடம் மர வீட்டு நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார்.

ஜன்னலுக்குப் பதில் பலகை

அரவிந்தர் ஆசிரமத்தில் பக்தர்கள் தங்க விடுதி தேவைப்பட்டது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி முயற்சியில் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கிடைத்தது. அதனால்தான் கோல்கொண்டா என்ற பெயர்.

1937-ல் வேலை தொடங்கியது. ரேமண்டின் உதவியாளர் ஜார்ஜ் நகாஷிமா கூடவே இருந்து மேற்பார்வை பார்த்தார். 1938-ல் ரேமண்டும் குடும்பத்தோடு வந்து சில மாதம் தங்கினார். ஆசிரமவாசிகளே வேலையில் இறங்கினார்கள். 1940-கள் வரை பணி நீண்டது.

கட்டிடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. ஜன்னலே கிடையாது! அதற்குப் பதில் படுக்கை வாட்டில் வரிசையாக சிமெண்ட் பலகைகள். திருப்பினால் காற்று வரும், மூடினால் மழையும் வெயிலும் வராது. அறைக் கதவுகள் தேக்குச் சட்டத்தில் நகரும் கதவுகள். கதவு சாத்தியிருந்தாலும் காற்று உள்ளே புகுந்து வெளியேறும். மேல் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று இடைவெளி. சூடு கீழே இறங்காது. சுவருக்கு நம்ம செட்டிநாட்டுப் பூச்சு.

போர் கொடுத்த வேலை

இரண்டாம் உலகப்போர் வந்தது. ரேமண்ட் அமெரிக்காவில் இருந்தார். 1943-ல் ராணுவம் அவரிடம் ஒரு வேலை கொடுத்தது. யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அச்சு அசலாகக் கட்ட வேண்டும். தீக்குண்டு எப்படிப் பற்றும் என்று சோதிக்க! மரச்சட்டம், தரைப்பாய் உள்பட எல்லாம் நிஜம் போலவே அமைந்தன. சோதித்த குண்டு வகை 1945 மார்ச்சில் டோக்கியோவில் விழுந்தது. ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் பலியானார்கள்.

ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக நகாஷிமாவை அமெரிக்க அரசு குடும்பத்தோடு முகாமில் அடைத்திருந்தது. அதே 1943-ல் பொறுப்பேற்று அவரை வெளியே கொண்டு வந்து, பென்சில்வேனியாவில் உள்ள தன் பண்ணையில் தங்க வைத்தவரும் இதே ரேமண்ட்தான்! நகாஷிமா பின்னர் மரச்சாமான் கலைஞராக உலகப்புகழ் பெற்றார்.

தனக்கு வாழ்வு தந்த ஊர்க்காரர்களின் வீடு எப்படி இருக்கும் என்ற அறிவு, அந்த வீட்டை எரிக்கவே பயன்பட்டது. அது தங்களுக்கு எளிதான காரியமாக இல்லை என்று சுயசரிதையில் ரேமண்ட் பதிவு செய்தார். போருக்குப் பின் ஜப்பான் திரும்பி மறுபடியும் கட்டிடங்கள் கட்டினார். 1976-ல் அமெரிக்காவில், 88 வயதில் காலமானார்.

கோல்கொண்டாவில் இன்றும் ஆசிரமவாசிகள் தங்குகிறார்கள். உள்ளே போக அனுமதி வேண்டும். ஆனால் தெருவில் நின்றாலே அந்தப் பலகை வரிசை தெரியும். வீடு கட்டப்போகிறவர்கள் புதுச்சேரி போனால், ஒரு நிமிஷம் நின்று பார்த்துட்டு வரலாம்.