கூரையில் ஒளிந்த கணக்கு

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. வீட்டுக்காரர் சீனிவாச ஐயங்காருக்கு ஜவுளிக் கடையில் குமாஸ்தா வேலை. வருமானம் போதாது. ஆகவே கல்லூரி மாணவர் இருவருக்கு வீட்டில் இடம் கொடுத்திருந்தார்கள்.

மூத்த மகன் ராமானுஜன் 1887-ல் பிறந்தவன். கணக்கில் சந்தேகம் வந்தால் அந்த மாணவர்களைத்தான் கேட்பான். கேட்டான், கேட்டான், அவர்களுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று! அப்போது அவனுக்கு வயது 11.

பக்கத்து வீட்டில் ஒரு பி.ஏ. மாணவர் இருந்தார். லோனி என்பவர் எழுதிய திரிகோண கணிதப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை அவரிடம் இரவல் வாங்கினான். கல்லூரி மாணவர்களே திணறும் புத்தகம் அது. நாலாம் பாரம் படிக்கும் பையன் அதிலுள்ள கணக்கு அத்தனையையும் தானே போட்டுவிட்டான். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கணக்கு வராதபோதெல்லாம் அந்தப் பி.ஏ. மாணவர் இவனைத் தேடி வந்தார்!

ஐந்தாம் பாரத்தில், சைன், கொசைன் பற்றி ஓர் அரிய சூத்திரத்தைத் தானாகவே கண்டுபிடித்தான். ஆனால் ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து மேதை அதை 150 ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் பையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவிட்டான். கேட்டுச் சொல்ல ஊரில் ஆள் இல்லையே!

1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-ல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1920-ல், 32 வயதில், சென்னையில் காலமானார். கும்பகோணம் வீடு இன்று அவருடைய நினைவில்லமாக இருக்கிறது.