பூஞ்சையை விழுங்கும் வெள்ளை அணுக்கள்: உலகுக்குக் காட்டிய மெச்னிகோவ் யார்?

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயரைக் கேட்டாலே பலருக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அந்தப் பூஞ்சையின் வித்துகள் ஒன்றும் புதிதாக வந்தவை அல்ல. மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பவைதான். மூச்சோடு உள்ளேயும் போகின்றன. அப்படியும் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. ஏன்? ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் அவற்றை மடக்கிப் பிடித்து அழித்துவிடுகின்றன.

இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயத்தை, ஒருகாலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே நம்பவில்லை. அவர்களை நம்பவைக்க வாழ்நாளில் பாதியைச் செலவிட்டவர் இலியா மெச்னிகோவ். இத்தனைக்கும் அவர் டாக்டரே இல்லை, விலங்கியல் படித்தவர்.

அடி மேல் அடி

இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் நகருக்குப் பக்கத்தில் 1845-ல் பிறந்தார். நான்கு ஆண்டு பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த கெட்டிக்காரர். 1869-ல் திருமணம். மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். என்னென்னவோ செய்து பார்த்தும் 1873-ல் அவர் இறந்துபோனார். துக்கம் தாங்காமல் மெச்னிகோவும் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

1875-ல் ஓல்காவை மணந்தார். சில ஆண்டுகளில் அவரையும் டைஃபாய்டு படுக்கையில் தள்ளியது. ஓல்கா பிழைத்தார். ஆனால் மெச்னிகோவ் மறுபடியும் மனம் உடைந்து, விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சல் கண்ட நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் செலுத்திக்கொண்டார். அந்தக் காய்ச்சலிலிருந்தும் மீண்டு வந்தார்.

1881-ல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு பல்கலைக்கழகங்களில் அரசியல் நெருக்கடி முற்றியது. ஒடெசாவில் இருந்த பேராசிரியர் வேலையை 1882-ல் உதறிவிட்டு, குடும்பத்தோடு இத்தாலியின் மெசினா நகருக்குப் போனார்.

முள் குத்தினால் என்ன ஆகும்?

மெசினாவில் ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். மெச்னிகோவ் மட்டும் நட்சத்திர மீனின் லார்வாவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரியான அதன் உடம்புக்குள் சில அணுக்கள் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து ஏதாவது உள்ளே நுழைந்தால் இவை என்ன செய்யும்? தோட்டத்து ரோஜாச் செடியில் முள் பறித்து லார்வாவுக்குள் செருகினார். மறுநாள் காலையில் பார்த்தால், அணுக்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டிருந்தன.

சரி, முள்ளுக்கு உயிர் இல்லை. உயிருள்ள கிருமி வந்தால்?

அதற்குப் பதில் தந்தது டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு. குளத்தில் வாழும் பொடி உயிரி. இதன் உடம்பும் உள்ளே தெரியும்படி இருக்கும். ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை இதைத் தாக்குகிறது. ஊசி மாதிரி இருக்கும் பூஞ்சை வித்துகளை டாஃப்னியா இரையோடு சேர்த்து விழுங்கிவிடும். அவை குடலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் வரும். உடனே ரத்த அணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், சூழ்ந்துகொள்ளும், கரைத்துவிடும். தப்பித்த வித்து முளைத்துப் பெருகிவிட்டால் கதை தலைகீழ்: அணுக்கள் தோற்கும், டாஃப்னியா சாகும்.

இதை 1884-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நோய் என்பது கிருமிக்கும் உடலின் அணுக்களுக்கும் நடக்கும் சண்டை என்று சொல்ல, கண்ணெதிரே சாட்சி கிடைத்துவிட்டது. இந்த அணுக்களுக்கு 'ஃபேகோசைட்', அதாவது விழுங்கும் அணு, என்று பெயர் வைத்தார்.

நம்ப மறுத்தவர்கள்

வெள்ளை அணுக்களுக்குள் கிருமிகள் இருப்பதை மற்ற டாக்டர்களும் பார்த்திருந்தார்கள். ஆனால் கிருமி அங்கே சொகுசாக வளர்கிறது, வெள்ளை அணு அதை உடம்பு முழுக்கச் சுமந்து பரப்புகிறது என்பதுதான் அப்போதைய எண்ணம். ஜெர்மனியில் ராபர்ட் கோக் தரப்பினரோ, கிருமியை ஒடுக்குவது ரத்தத்தின் திரவப் பகுதிதான் என்றார்கள். 1888-ல் பாரிஸ் போன மெச்னிகோவுக்கு லூயி பாஸ்டர் தன் நிறுவனத்தில் இடம் கொடுத்தார். அங்கிருந்தே இருபது ஆண்டுகள் வாதாடினார்.

கடைசியில் இரண்டு தரப்பும் சரிதான் என்று தெரிந்தது. ரத்தத் திரவத்தில் உள்ள பொருட்கள் கிருமிமேல் ஒட்டினால், வெள்ளை அணு அதைச் சுலபமாக விழுங்குகிறது. 1908-ல் நோபல் பரிசை மெச்னிகோவும், எதிர்த்தரப்பைச் சேர்ந்த பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டார்கள்.

பூஞ்சைதான் என்று எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்விக்கு அவர் காலத்தில் பதில் இல்லை. பூஞ்சையின் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. மனித அணுக்களில் இது கிடையாது. வெள்ளை அணுவின் மேல்பரப்பில் உள்ள டெக்டின்-1 என்ற புரதம் அதைத் தொட்டுக் கண்டுபிடிக்கிறது என்பது 2001-ல் தெரியவந்தது. தொட்டதும் அணு பூஞ்சையை உள்ளே இழுத்து, ஒரு பைக்குள் அடைத்து, ஆக்சிஜனிலிருந்து உருவாகும் வீரியமான வேதிப்பொருட்களையும் என்சைம்களையும் கொட்டுகிறது. விழுங்க முடியாத நீளத்துக்கு இழையாக வளர்ந்துவிட்டால், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிப் பிடிக்கிறது. பூஞ்சையும் லேசுப்பட்டதல்ல. கேண்டிடா, பீட்டா குளுக்கானை வேறொரு சர்க்கரைப் படலத்துக்குள் மறைத்துக்கொள்ளும்.

கட்டுப்படாத சர்க்கரை நோய், அதிக ஸ்டீராய்டு ஆகிய இரண்டும் இந்த அணுக்களை மந்தமாக்குகின்றன. கொரோனா காலத்தில் கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களின் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை டாக்டர்கள் அடிக்கடி பார்ப்பதும் இதனால்தான். அது ரொம்பக் குறைந்தால் சாதாரணப் பூஞ்சைகூட உயிருக்கு ஆபத்து.

1916 ஜூலையில் தன் 71-வது வயதில், இதய நோயால் மெச்னிகோவ் பாரிஸில் காலமானார். அவரது அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் இருக்கிறது. டாஃப்னியாவைக் கொல்லும் அந்தப் பூஞ்சைக்கு இன்று அவர் பெயர்தான்: மெச்னிகோவியா.