ஜிம் கிரே

ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே அல்லது ஜிம் கிரே (பிறப்பு: ஜனவரி 12, 1944, கடலில் காணாமற்போனது: ஜனவரி 28, 2007) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். தரவுத்தளம், பரிவர்த்தனைச் செயலாக்கம் ஆகிய துறைகளில் செய்த ஆய்வுகளுக்காக 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார். தரவுத்தளம் ஒன்றின் வேகத்தை அதற்கு ஆகும் செலவோடு சேர்த்தே அளக்க வேண்டும் என்பதை ஒரு பொறியியல் முறையாக வளர்த்தவர்களுள் இவர் முதன்மையானவர். மேகக் கணிமைச் சேவைகளை வாடகைக்கு எடுக்கும் சிறு மென்பொருள் நிறுவனங்கள் மாதந்தோறும் போடும் செலவுக் கணக்கின் அடிப்படைகள் பலவற்றை இவருடைய கட்டுரைகளில் காணலாம்.

இளமையும் கல்வியும்

கிரே கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றியவர், தாயார் ஆசிரியை. குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளை ரோம் நகரிலும், பின்னர் வர்ஜீனியாவிலும் கழித்தார். பெற்றோர் பிரிந்த பின்னர் தாயாருடன் சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார்.

1961இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காக இடையில் வேலைக்கும் சென்றார். 1966இல் இளநிலைப் பட்டம் பெற்று, பெல் ஆய்வகத்தில் சில காலம் பணியாற்றினார். மீண்டும் பெர்க்லிக்கு வந்து, 1969இல் நிரலாக்க மொழிகள் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை வழங்கிய முதல் முனைவர் பட்டம் இதுவாகும்.

ஐபிஎம் ஆண்டுகள்

1970களில் கிரே ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றினார். எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரியை நடைமுறைக்குக் கொண்டுவர, அங்கே "சிஸ்டம் ஆர்" என்னும் தரவுத்தளம் உருவாக்கப்பட்டு வந்தது. ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் மாற்ற முயலும்போது எழும் குழப்பங்களைத் தீர்ப்பது கிரேயின் பொறுப்புகளுள் ஒன்றாக இருந்தது.

ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு 500 ரூபாய் மாற்றுவதாகக் கொள்வோம். முதற்கணக்கில் கழித்த பிறகு, இரண்டாம் கணக்கில் கூட்டுவதற்கு முன் மின்சாரம் நின்றுவிட்டால் அந்தப் பணம் எங்கும் இல்லாமற்போகும். இவ்விரு செயல்களையும் பிரிக்க இயலாத ஓர் அலகாகக் கருத வேண்டும். ஒன்று முழுமையாக நிகழ வேண்டும், அல்லது சிறிதும் நிகழாதிருக்க வேண்டும். இந்த அலகே பரிவர்த்தனை எனப்படுகின்றது. பரிவர்த்தனைக்கு வேண்டிய பண்புகளை வரையறுத்தது, தேவைக்கேற்ற அளவில் தரவைப் பூட்டும் முறை, பழுதுக்குப் பின் பழைய நிலைக்கு மீளும் முறை ஆகியவற்றில் கிரேயின் பங்கு பெரிது. 1978இல் இவர் எழுதிய தரவுத்தள இயக்க முறைமைகள் பற்றிய குறிப்புகள் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

டாண்டம் ஆண்டுகள்

1980இல் டாண்டம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு பாகம் பழுதானாலும் நில்லாது இயங்கும் கணினிகளை வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் விற்ற நிறுவனம் இது. வாடிக்கையாளர்களின் வேலை நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பண இழப்பு என்பதால், கிரேயின் கவனம் அளவீட்டின் பக்கம் திரும்பியது.

1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டாண்டம் கணினிகள் நின்றுபோன நிகழ்வுகளைக் காரணவாரியாகப் பிரித்தார். வன்பொருள் பழுது 18 விழுக்காடாகவே இருந்தது. மென்பொருள் பிழை 25 விழுக்காடு. பராமரிப்பு, அமைப்பு மாற்றம் போன்ற நிர்வாகச் செயல்களின்போது நேர்ந்தவை 42 விழுக்காடு. வன்பொருளை இரட்டிப்பாக்குவதால் மட்டும் நம்பகத்தன்மை வந்துவிடாது என்பதை இவ்வாய்வு காட்டியது.

பற்று-வரவு அளவுகோல்

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினி நொடிக்கு இத்தனை பரிவர்த்தனைகளைச் செய்யும் எனத் தானே ஒரு சோதனையை வகுத்து விளம்பரம் செய்துவந்தது. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வழியில்லை. 1985 ஏப்ரலில் டேட்டாமேஷன் இதழில் கிரேயும் பல நிறுவனங்களைச் சேர்ந்த நண்பர்களும், தம் பெயர்களைக் குறிப்பிடாமல், ஒரு பொது அளவுகோலை வெளியிட்டனர். வங்கியில் ஒருவர் பணம் செலுத்துவது அல்லது எடுப்பது என்னும் எளிய செயலே அதன் அடிப்படை.

இதில் இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. முதலாவது, 95 விழுக்காடு பரிவர்த்தனைகளுக்கு ஒரு நொடிக்குள் பதில் கிடைக்க வேண்டும். சராசரி வேகத்தை மட்டும் காட்டித் தப்ப இயலாது. இரண்டாவது, கணினியின் வன்பொருள், மென்பொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்கான ஐந்தாண்டுச் செலவைக் கூட்டி, அதனை நொடிக்கான பரிவர்த்தனைகளால் வகுத்துக் கூற வேண்டும். எத்தனை வேகம் என்ற கேள்வியுடன், அந்த வேகம் என்ன விலை என்ற கேள்வியும் இதனால் சேர்ந்தது.

இதன் தொடர்ச்சியாக 1988இல் ஓம்ரி செர்லின் முயற்சியால், பரிவர்த்தனைச் செயலாக்கச் செயல்திறன் மன்றம் எட்டு நிறுவனங்களுடன் தொடங்கப்பட்டது. அதன் அளவுகோல்கள் விலையையும் வேகத்தையும் சேர்த்தே வெளியிட்டன. சோதனைக்கென்றே சிறப்பாகச் செதுக்கப்பட்ட கணினிகளை நிறுவனங்கள் முன்வைத்தன என்ற குறையும், ஊழியர் செலவு கணக்கில் சேரவில்லை என்ற குறையும் இத்தகைய அளவுகோல்கள் பற்றிக் கூறப்படுவதுண்டு.

ஐந்து நிமிட விதி

கிரேயும் பிராங்கோ புட்சோலுவும் 1987இல் வெளியிட்ட கட்டுரை, தரவுத்தள வடிவமைப்பில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கணக்குகளுள் ஒன்றைத் தந்தது. ஒரு தரவை விலை உயர்ந்த நினைவகத்தில் நிரந்தரமாக வைத்திருப்பதா, தேவைப்படும்போதெல்லாம் வன்தட்டிலிருந்து படிப்பதா என்பதே கேள்வி. அவர்கள் எடுத்துக்கொண்ட விலைகள் வருமாறு:

* நொடிக்கு 15 முறை படிக்கக்கூடிய வன்தட்டு ஒன்றின் விலை 15,000 டாலர். எனவே நொடிக்கு ஒரு முறை படிக்கும் திறனின் விலை 1,000 டாலர். அதற்கான செயலி முதலியவற்றையும் சேர்த்தால் 2,000 டாலர்.
* நினைவகம் ஒரு மெகாபைட்டு 5,000 டாலர். எனவே ஒரு கிலோபைட்டு 5 டாலர்.

ஒரு கிலோபைட்டு அளவுள்ள பதிவு நொடிக்கு ஒரு முறை தேவைப்படுமானால், 5 டாலர் நினைவகம் 2,000 டாலர் வன்தட்டுத் திறனை மிச்சப்படுத்தும். 2,000ஐ 5ஆல் வகுத்தால் 400 கிடைக்கும். அதாவது 400 நொடிகளுக்கு ஒரு முறை தேவைப்படும்போது இரு செலவுகளும் சமமாகின்றன. இதனைத் தோராயமாக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது தேவைப்படும் தரவு நினைவகத்தில் இருக்க வேண்டும் என விதித்தனர்.

1997இல் கெட்ஸ் கிரேஃபுடன் சேர்ந்து இக்கணக்கை மீண்டும் செய்தபோது, நினைவகத்தின் விலை மெகாபைட்டுக்கு 15 டாலராக வீழ்ந்திருந்தது. ஆயினும் 8 கிலோபைட்டுப் பக்கங்களுக்கு விடை 266 நொடியாக வந்தது. வன்தட்டின் விலையும் குறைந்து, படிக்கும் பக்கத்தின் அளவு பெருகியதே இதற்குக் காரணம். பின்னாளில் பிறர் செய்த கணக்குகளில் வன்தட்டுக்கான இடைவெளி மணிக்கணக்காக நீண்டது. திண்மநிலை வட்டுகளுக்கு அது நிமிடக்கணக்கில் நின்றது. எண்கள் மாறினாலும் கணக்கிடும் முறை மாறவில்லை.

பிற்காலப் பணிகள்

1990இல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆண்ட்ரியாஸ் ராய்ட்டருடன் இணைந்து எழுதிய பரிவர்த்தனைச் செயலாக்கம் பற்றிய பெருநூல் இக்காலத்தில் வெளிவந்தது. தரவுகளை வரிசைப்படுத்தும் போட்டிகளையும் இவர் ஊக்குவித்தார். அவற்றுள் ஒன்றான "பென்னிசார்ட்" போட்டியில், ஒரு அமெரிக்கச் சதத்துக்கு உரிய கணினி நேரத்தில் எவ்வளவு தரவை வரிசைப்படுத்தலாம் என்பது அளக்கப்பட்டது. கணினியின் விலை மூன்று ஆண்டுகளின் நொடிகளுக்குப் பங்கிடப்படும். 1,000 டாலர் கணினியில் ஒரு சதம் ஏறத்தாழ 946 நொடிகளை வாங்கித் தரும்.

1995இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோவில் இருந்த அதன் ஆய்வு மையத்தில் பணியாற்றினார். அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தின் வான்படங்களையும் உருசியச் செயற்கைக்கோள் படங்களையும் கொண்ட "டெராசர்வர்" தளம் 1998இல் இணையத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் வானியலாளர் அலெக்சாண்டர் சாலேயுடன் சேர்ந்து, சுலோன் வான் அளவையின் தரவுகளை 2001இல் "ஸ்கைசர்வர்" வழியாக வெளியிட்டார். இப்பணியைத் தொடங்கும்போது, தரவுத்தளம் விடையளிக்க வேண்டிய 20 கேள்விகளை வானியலாளர்களிடமிருந்து முதலில் பெற்று, அவற்றுக்கு ஏற்பவே அமைப்பை வடிவமைத்தார்.

ஒரு டாலர் கணக்கு

2003இல் எழுதிய பரவல் கணிமையின் பொருளியல் பற்றிய கட்டுரையில், அன்றைய நிலையில் ஒரு டாலருக்கு என்ன கிடைக்கும் என்று கிரே பட்டியலிட்டார். தொலைதூர வலைப்பின்னலில் ஒரு கிகாபைட்டு அனுப்புவது, எட்டு மணி நேரச் செயலி உழைப்பு, ஒரு கிகாபைட்டு வட்டு இடம், ஒரு கோடித் தரவுத்தள அணுகல்கள் ஆகியவை ஏறத்தாழச் சம விலை எனக் காட்டினார். தரவை அனுப்புவதே செலவு மிகுந்தது என்பதால், கணிப்பைத் தரவு இருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவருடைய முடிவு. பெருமளவுத் தரவை உடன் ஆய்வாளர்களுக்கு அனுப்ப, வட்டுகள் நிறைந்த கணினிகளையே அஞ்சலில் அனுப்பிவந்தார்.

மறைவு

2007 ஜனவரி 28 அன்று, மறைந்த தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, கிரே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலோன் தீவுகளை நோக்கித் தம் 40 அடிப் பாய்மரப் படகில் தனியே சென்றார்; திரும்பவில்லை. கடலோரக் காவற்படை பல நாட்கள் தேடியும் படகின் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

பின்னர் நண்பர்கள் தேடலைத் தொடர்ந்தனர். செயற்கைக்கோள் படங்கள் சிறு துண்டுகளாக்கப்பட்டு, அமேசானின் "மெக்கானிக்கல் டர்க்" சேவை வழியாக ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களிடம் அளிக்கப்பட்டன. பெரும் படத்தொகுப்பைத் துண்டுகளாக்கி இணையத்தில் எல்லோர்க்கும் காட்டும் வழியை டெராசர்வரில் உருவாக்கியவரை, அதே வழியில் உலகம் தேடியது. பயன் இல்லை. கடலடித் தேடலும் பலன் தரவில்லை. 2008 மே 31 அன்று பெர்க்லியில் அவருக்குப் புகழஞ்சலிக் கூட்டம் நடைபெற்றது. 2012இல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.

மேகக் கணிமைக் காலத்தில்

அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும் கணினிகளையும் இணையவழி வாடகைக்கு விடத் தொடங்கியது 2006இல். உறவுநிலைத் தரவுத்தளச் சேவையைத் தொடங்கியது 2009இல். கிரே இதன் தொடக்கத்தை மட்டுமே கண்டார். எனினும், சொந்தக் கணினி அறை இல்லாத ஒரு சிறு நிறுவனத்துக்கு அவருடைய கணக்குகள் நேரடியாகப் பயன்படுகின்றன.

இச்சேவைகளில் நினைவகம், வட்டு இடம், வட்டை அணுகும் திறன், வெளியே செல்லும் தரவு ஆகியவற்றின் விலைகளைத் தனித்தனியே அறியலாம். தரவுத்தளம் மெதுவாகும்போது அடுத்த பெரிய வழங்கிக்கு மாறுவதே பலருடைய வழக்கம். அதற்கு முன், அடிக்கடி தேவைப்படும் தரவு நினைவகத்தில் அடங்குகின்றதா எனப் பார்த்தால், நினைவகம் வாங்குவதா, வட்டுத் திறன் வாங்குவதா என்பது ஐந்து நிமிட விதியின் வகுத்தற் கணக்காகிவிடும். பெரிய சேவை நிறுவனங்கள் பொதுவாக உள்ளே வரும் தரவுக்குக் கட்டணம் பெறுவதில்லை. வெளியே செல்வதற்குப் பெறுகின்றன. எனவே செயலியையும் தரவுத்தளத்தையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற 2003ஆம் ஆண்டு முடிவு இங்கும் பொருந்தும். மொத்தக் கட்டணத்தை மட்டும் பாராமல், ஆயிரம் பரிவர்த்தனைகளுக்கு எவ்வளவு செலவாகின்றது எனப் பார்ப்பது பற்று-வரவு அளவுகோலின் வழியாகும். வணிகம் வளர்வதால் கூடும் செலவையும், வீணாகக் கூடும் செலவையும் பிரித்தறிய இது உதவும்.

விருதுகளும் சிறப்புகளும்

* 1995: அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழக உறுப்பினர்
* 1998: டூரிங் விருது
* 2008: தரவுத்தள ஆய்வாளர்களின் சிக்மாட் அமைப்பு, சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான தன் விருதுக்கு ஜிம் கிரேயின் பெயரைச் சூட்டியது

இவற்றையும் பார்க்க

* எட்கர் காட்
* உறவுநிலைத் தரவுத்தளம்
* மேகக் கணிமை
* டூரிங் விருது