ராபர்ட் கோக்: மேதையின் வாக்கும் மாட்டின் பாலும்

க்ஷயரோகத்தின் கிருமியைக் கண்டு உலகுக்குக் காட்டியவர் ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் கோக் என்பதை யாவரும் அறிவர். அந்நோய் பசுவிடமிருந்து மனிதனுக்கு வருமென்று அஞ்சவேண்டியதில்லை என அவரே ஒரு பெருஞ்சபையில் கூறியதும், அக்கூற்றை விசாரித்துத் தள்ளப் பத்தாண்டுகள் சென்றதும் பலர் அறியாதவை. அவர் சரித்திரத்தில் நமக்கு மிகுந்த பயன் தரும் பகுதி இதுவே.

கோக் 1843ஆம் வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி ஹார்ஸ் மலைப் பிரதேசத்துச் சுரங்க நகராகிய கிளௌஸ்தாலில் பிறந்தார். தகப்பனார் சுரங்க இலாகா உத்தியோகஸ்தர். கெட்டிங்கன் சர்வகலாசாலையில் வைத்தியம் கற்ற கோக், 1872இல் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் ஜில்லா வைத்திய அதிகாரியானார். ஆடுமாடுகளைக் கொல்வதோடு மேய்ப்பரையும் தோல் பதனிடுவோரையும் பற்றும் அடைப்பான் நோயை அங்கே ஆராயத் தொடங்கினார். சர்வகலாசாலையின் உதவியின்றி, வீட்டிலேயே பரிசோதனைகள் நடத்தி, அந்நோயின் கிருமி வித்துருவில் மண்ணில் நெடுநாள் உயிரோடிருப்பதை 1876இல் நிரூபித்தார். மிருகத்துக்கும் மனிதனுக்கும் பொதுவான ஒரு நோயிலிருந்தே அவர் புகழ் தொடங்கியது என்பதை வாசகர்கள் நினைவில் வைப்பார்களாக.

1880இல் அவர் பெர்லினுக்கு அழைக்கப்பட்டார். 1882 மார்ச் 24ஆம் தேதி, க்ஷயரோகக் கிருமியைக் கண்டதை அந்நகர வைத்திய அறிஞர் சபையில் அறிவித்தார். மனிதரில் ஏழில் ஒருவரை அந்நோய் மாய்த்துவந்த காலம் அது. கிருமியைக் காண்பது போதாது; அதைத் தனியே வளர்த்து, ஆரோக்கியமான பிராணிக்குச் செலுத்தி, அதே நோய் உண்டாவதைக் காட்டவேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி. 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்தார்.

எனினும் 1890இல் க்ஷயரோகத்துக்கு மருந்தென்று அவர் வெளியிட்ட டியூபர்குலின் நோயைத் தீர்க்கவில்லை. நம்பிச் சென்ற நோயாளிகள் ஏமாந்தனர்.

நிற்க. 1901 ஜூலையில் லண்டனில் க்ஷயரோக மகாநாடு கூடிற்று. மனிதரைப் பற்றும் கிருமியும் மாட்டைப் பற்றும் கிருமியும் வெவ்வேறு வகையின என்பதை அமெரிக்கரான தியோபால்ட் ஸ்மித் 1898இலேயே காட்டியிருந்தார். கோக் அதற்கும் அப்பால் சென்றார். மனிதக் கிருமியைக் கன்றுகளுக்குச் செலுத்தியும் அவை நோயுறவில்லை என்றார். குழந்தைகளின் குடலில் நோய் முதலில் தோன்றுவது அபூர்வம் என்றார். ஆதலின் பால், மாமிசத்தின் மூலம் நோய் வருவது மிக அரிது, அதைத் தடுக்க நடவடிக்கை அவசியமில்லை என்று முடித்தார்.

இதன் குறையைக் காண வைத்திய சாஸ்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை. மனிதனின் கிருமி மாட்டைப் பற்றாது என்பதனால் மாட்டின் கிருமி மனிதனைப் பற்றாது என்றாகிவிடாது. ஒரு வழக்கின் சாட்சியத்தைக் கொண்டு மற்றொரு வழக்குக்குத் தீர்ப்பெழுதியது போலாயிற்று. மகாநாட்டிலேயே லிஸ்டர் பிரபு இதைச் சுட்டிக்காட்டினார். கால்நடை வைத்தியர் மக்ஃபேடியனும் மறுத்துப் பேசினார். ஆயினும் பேசியவர் கோக். அவர் சொல்லுக்கிருந்த மதிப்பு அத்தகையது.

பிரிட்டிஷ் சர்க்கார் அவ்வாண்டே ஒரு ராயல் கமிஷனை நியமித்தனர். அதன் அறிஞர்கள் நோயுற்ற மனிதரின், முக்கியமாகக் குழந்தைகளின், உடலிலிருந்து கிருமிகளை எடுத்து வளர்த்துக் கன்றுகளுக்குச் செலுத்தினர். பலவற்றில் இருந்தது மாட்டுக் கிருமியே. பாலோடு சென்ற அக்கிருமி குடலில் அடையாளம் வைக்காமலே சுரப்பிகளில் தங்கிக் கண்டமாலையையும், வயிற்றுக் கட்டிகளையும், எலும்பு நோயையும் விளைத்தது. கோக் வகுத்த நெறியே கோக்கின் முடிவை மறுத்தது.

1905இல் நோபல் பரிசு பெற்ற கோக், 1908இல் வாஷிங்டன் மகாநாட்டிலும் மாட்டுக் கிருமியால் மனிதருக்கு வரும் தீங்கு சொற்பமே என்று சாதித்தார். நுரையீரல் க்ஷயம் பெரும்பாலும் மனிதனிடமிருந்தே மனிதனுக்கு வருகிறது என்ற அளவில் அவர் சொன்னது சரியே. ஆனால் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அதனால் என்ன பயன்? 1910 மே 27ஆம் தேதி அவர் பேடன்-பேடனில் காலமானார். மறு ஆண்டு கமிஷனின் இறுதி அறிக்கை வந்தது.

பரிகாரமும் அவர் கையிலிருந்தே வந்தது ஒரு விசித்திரம். மருந்தாகத் தோற்ற டியூபர்குலின், நோயுற்ற மாட்டை அறியும் சோதனையாக வென்றது. டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் அதைக் கொண்டு நல்ல மாட்டையும் நோயுற்ற மாட்டையும் பிரிக்கும் முறையை வகுத்தார். சிகாகோ நகரம் 1908இல் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்க உத்தரவிட்டது. பிரிட்டனிலோ மாடுகளைப் பிரதேசவாரியாகக் கட்டாயமாகச் சோதிக்கும் திட்டம் 1950இல்தான் தொடங்கிற்று.

அதற்குள் கிருமி தொழுவத்தைத் தாண்டிவிட்டது. 1971இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் பாட்ஜர் என்னும் வளை தோண்டும் காட்டுப் பிராணியிடம் அது காணப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனத்தில் 1990இல் எருமைகளிடம் காணப்பட்டு, அவற்றைத் தின்ற சிங்கங்களையும் பற்றியது. மாட்டைச் சோதித்துப் பிரிக்கலாம். காட்டை எவ்வாறு பிரிப்பது?

இந்தியாவில் இந்நோய்த் தொற்றுள்ள மாடுகள் 2 கோடிக்கு மேல் இருக்குமென்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கமே நமக்கு அரண்; பச்சைப் பாலே சத்துள்ளது என்போர் சொல்லைக் கேட்டு அதைக் கைவிடலாகாது. தொழுவத்தில் மாட்டின் மூச்சோடு மூச்சாக வாழும் உழவருக்கோ அவ்வரணும் போதாது. அவர் மாடுகளைச் சோதிப்பது சர்க்காரின் கடமை.

கோக்கின் புகழ் இதனால் குன்றாது. ஆனால் பெரியோர் கூறினார் என்பது ஒரு விஷயத்தை விசாரிக்கக் காரணமாகலாம். விசாரணையை நிறுத்தக் காரணமாகாது.