தம் உடலையே சோதனைக் களமாக்கிய ஹாஃப்கின்

மருந்தைக் கண்டறிவது அறிவின் வெற்றி. அதனை மக்கள் மனமுவந்து ஏற்கச் செய்வது நம்பிக்கையின் வெற்றி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கவே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருமகனார் வால்டெமர் ஹாஃப்கின்.

1860ஆம் ஆண்டு, ரஷ்யப் பேரரசைச் சார்ந்த ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றில் தோன்றிய அவர் விலங்கியல் பயின்றார். யூதர் என்பதால் தாய்நாட்டில் உயர்பதவிக்குரிய வாயில்கள் அடைபட்டன. பாரிசு சென்று பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணி ஏற்று, ஓய்வு நேரத்தில் ஆய்வு நிகழ்த்தினார். காலரா தடுப்பூசியை உருவாக்கி, 1892 சூலை 18ஆம் நாள் முதன்முதலாகத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

1893இல் இந்தியா வந்தார். மருத்துவப் பட்டம் பெறாத அவரை ஆங்கில மருத்துவர் பலர் ஐயுற்றனர். அயலார் ஏந்திவந்த ஊசியை மக்களும் அஞ்சினர். கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில், விரும்பியவர்க்கு மட்டுமே ஊசி இட்டார். காட்டால் பாகான் என்னும் சேரியில் ஏறத்தாழ இருநூறு பேருள் 116 பேர் இசைந்தனர். பின்னர் அங்கு நோயுற்றோர் அனைவரும் ஊசி ஏற்காதோரே. கண்முன் நிகழ்ந்த இச்சான்று அச்சத்தைச் சற்றே தணித்தது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அரசோ வன்முறை வழியை நாடிற்று. 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் துணையோடு வீடுகள் சோதனையிடப்பட்டன. நோயாளிகள் உறவினரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். பர்தா முறையும் குலவழக்கமும் மதிக்கப்படவில்லை. மருத்துவமனை உயிரைப் பறிக்குமிடம் என்னும் வதந்தி பரவியது. மக்கள் நோயாளிகளை மறைத்தனர். 1898 மார்ச்சில் கலவரமே மூண்டது. அறியாமை மட்டுமன்று, அவமதிப்பும் மருத்துவத்தைப் புறக்கணிக்கச் செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஹாஃப்கின் வழி வேறு. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையிலும் தாழ்வாரத்திலும் உழைத்து, மூன்றே திங்களில் பிளேக் தடுப்பூசியை ஆக்கினார். 1897 சனவரி 10ஆம் நாள், பின்னாளில் பிறர்க்கு இடப்பட்டதினும் மிகுதியான அளவைத் தாமே ஏற்றார். இசுமாயிலி சமூகத் தலைவரான மூன்றாம் ஆகா கான், இருபது அகவை நிரம்பாத இளைஞர், மக்கள் காண ஊசி இட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்திற்குத் தம் மாளிகையொன்றையும் அளித்தார். தலைவரின் கையைக் கண்ட பின்னர் ஆயிரக்கணக்கானோர் தம் கைகளையும் நீட்டினர்.

எனினும் 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் ஊரில் ஊசி பெற்ற 107 பேருள் 19 பேர் இசிவுநோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது, பதவியும் பறிபோயிற்று. மாண்டோர் அனைவரும் ஒரே புட்டியின் மருந்தைப் பெற்றவர். புட்டியைத் திறக்கையில் தரையில் விழுந்த இடுக்கி செவ்வையாகத் தூய்மை செய்யப்படவில்லை. இவ்வுண்மைகளை எடுத்துக்காட்டி ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடினர். 1907இல் அவர் பழி நீங்கினார். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஊசியின் மீது மக்கள் இழந்த நம்பிக்கையை எந்த ஆணையால் மீட்க இயலும்?

கல்கத்தாவில் எஞ்சிய பணியாண்டுகளைக் கழித்து ஓய்வுபெற்ற அவர், 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார். பம்பாய் ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மக்களின் அச்சத்தை இகழாமல், அவ்வச்சத்தின் முன் தம் கையை முதலில் நீட்டியதே ஹாஃப்கினின் சிறப்பு. நாளை மருத்துவராகவும் ஆசிரியராகவும் மக்கள்முன் நிற்கவிருக்கும் மாணவமணிகள் இப்பாடத்தை நெஞ்சிற் கொள்வார்களாக!