20 ஆயிரம் டன் போர்க்கப்பலை வீழ்த்திய படகு வீரர்

1918-ம் ஆண்டு ஜூன் 10-ந்தேதி. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. ஏட்ரியாடிக் கடலில் பிரேமுடா தீவுக்கு அருகே, இரவு ரோந்தை முடித்த இரண்டு சிறிய விசைப்படகுகள் இத்தாலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

தூரத்தில் கரும்புகை தெரிந்தது. எதிரிகள் தங்களைத் தேடி வருகிறார்கள் என்று நினைத்தார், படகுகளின் தலைவர். தப்பிப் போக நேரம் இருந்தது. ஆனால் அவரோ படகைப் புகை வந்த பக்கமே திருப்பச் சொன்னார்!

அவர்தான் லூயிஜி ரிட்சோ.

சரக்குக் கப்பல் அதிகாரி

ரிட்சோ 1887-ம் ஆண்டு சிசிலித் தீவில் உள்ள மிலாட்சோ என்ற ஊரில் பிறந்தார். சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்தவர். முதல் உலகப்போரின்போது கடற்படைப் பணிக்கு வந்தார்.

அப்போது ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒரே சாம்ராஜ்யம். இத்தாலிக்கு அதுதான் எதிரி. அதன் பெரிய போர்க்கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்திலேயே பத்திரமாக நின்றன. உள்ளே போய்த்தான் அடிக்க வேண்டும்.

அதற்கு உதவியவை "மாஸ்" என்ற விசைப்படகுகள். ஒரு படகில் சுமார் 10 பேர், இரண்டு டார்பிடோக்கள். தண்ணீருக்குள் பாய்ந்து சென்று கப்பலைத் துளைக்கும் குண்டுதான் டார்பிடோ.

1917 டிசம்பர் 9-ந்தேதி இரவு, இரண்டு படகுகளுடன் டிரியஸ்ட் துறைமுக வாசலுக்குப் போனார் ரிட்சோ. குறுக்கே இரும்பு வடங்கள். காவலாளிகளின் காதில் விழாமல் அவற்றை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியிருந்தது. வெட்டி முடித்து உள்ளே நுழைந்து, "வீன்" என்ற போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டு, ஆள் சேதம் இன்றித் திரும்பினார்.

காவல் வளையத்துக்குள்

இனி பிரேமுடாவுக்கு வருவோம். புகை விட்டது சாதாரணக் கப்பல் அல்ல. "சென்ட் இஸ்த்வான்" என்ற 20 ஆயிரம் டன் போர்க்கப்பல்! என்ஜின் கோளாறால் வேகம் குறைந்து, மறுபடியும் வேகம் எடுத்தபோது கிளம்பிய புகைதான் காட்டிக் கொடுத்துவிட்டது. கூடவே "டெகெட்ஹாப்" என்ற இன்னொரு பெரிய கப்பல். சுற்றிலும் காவல் கப்பல்கள்.

வேகமாகப் போனால் வெள்ளை நுரை கிளம்பும், கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே ரிட்சோ மெதுவாகவே போனார். காவல் கப்பல்களுக்கு நடுவே புகுந்து, சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்து இரண்டு டார்பிடோக்களையும் விட்டார். இரண்டும் தாக்கின. துணைப் படகு "டெகெட்ஹாப்" மீது நடத்திய தாக்குதல் பலிக்கவில்லை.

ஒரு காவல் கப்பல் ரிட்சோவைத் துரத்தியது. தண்ணீருக்குள் வெடிக்கும் குண்டுகளை அதன் பாதையில் போட்டார். அது விலகிப் போனது. அதன்பிறகுதான் படகு முழு வேகத்தில் பறந்தது.

"சென்ட் இஸ்த்வான்" சுமார் 2½ மணி நேரம் போராடி, கவிழ்ந்து மூழ்கியது. 89 பேர் இறந்தனர். பக்கத்தில் இருந்த கப்பலில் இருந்து அந்தக் காட்சி சினிமாப் படமாகவே எடுக்கப்பட்டது. ஓட்ராண்டோ ஜலசந்தியைத் தாக்கப் புறப்பட்டிருந்த தளபதி ஹோர்த்தி, திட்டத்தையே கைவிட்டார். ஜூன் 10-ந்தேதியை இத்தாலி தனது கடற்படை நாளாகக் கொண்டாடுகிறது.

ஜெர்மானியரிடம் கைதி

ரிட்சோவுக்கு இரண்டு தங்கப் பதக்கங்களும், பின்னாளில் "கவுண்ட்" பட்டமும் கிடைத்தன. 1943-ல் அவர் டிரியஸ்ட் பகுதிக் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தலைவர். அந்த ஆண்டு இத்தாலி நேச நாடுகளிடம் சரண் அடைந்தது. ஜெர்மனியர் டிரியஸ்டைப் பிடிக்க வந்தனர். கப்பல்கள் அவர்கள் கைக்குப் போகக்கூடாது என்று, அவற்றைப் பாழாக்க உத்தரவிட்டார் ரிட்சோ. 26 ஆண்டுகளுக்கு முன் எதிரிக் கப்பலை மூழ்கடித்த அதே ஊரில், இப்போது சொந்த நாட்டுக் கப்பல்கள்! ஜெர்மானியர் அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பிய ரிட்சோ, 1951-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி ரோம் நகரில் காலமானார். பிரேமுடாவில் அவர் சென்ற "மாஸ் 15" படகு, அதே நகரில் விக்டர் இம்மானுவேல் மன்னர் நினைவு மாளிகையில் இருக்கிறது.