களைத்துப்போன கரங்கள்



2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபின், காசிமேட்டில் வீடிழந்த குடும்பங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கின. அவர்களுக்குச் சோறும் துணியும் சுமந்த தன்னார்வத் தொண்டர்கள் சில மாதங்களில் சோர்ந்துபோனதை நம்மில் பலர் அறிவோம். துயரத்தை நாள்தோறும் பார்க்கிறவரின் உள்ளமும் காயப்படும். ஆங்கிலேய உளவியலாளர் பால் கில்பர்ட் வகுத்த பரிவுசார் உளச்சிகிச்சை இத்தகையோருக்கும் உதவுகிறது. பிறர்மீது காட்டும் இரக்கத்தைத் தன்மீதும் காட்டக் கற்பதே அதன் சாரம். இதை எண்ணும்போது, மீனவ மக்களின் பாதுகாவலராம் புனித பிரான்சிஸ் சவேரியார் நினைவுக்கு வருகிறார்.

1506இல் நவார் நாட்டில் பிறந்தவர், 1542இல் கோவா வந்து, அதே ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்தார். மொழி தெரியாது. மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணினார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்து கை ஓய்ந்து, குரலும் அடைத்துப்போனதை அவரே மடலில் எழுதியிருக்கிறார்.

1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பகுதியைத் தாக்கியது. பரதவ மக்கள் கடற்பாறைகளுக்குத் தப்பியோடி, பசியிலும் தாகத்திலும் வாடினார்கள். சவேரியார் உணவேற்றிய இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. நாள்கணக்கில் போராடித் திரும்பியவர், பின்னர் தரைவழியே நடந்துபோனார். வழியில் அவர் கண்டது: நடக்க முடியாத முதியோர், இறந்தோர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார். பட்டங்கட்டிமார்கள் இவர்களுக்கு உதவ வேண்டுமென உடனே எழுதினார்.

உடன் உழைத்த பிரான்சிஸ் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்கள், கெட்ட பிள்ளைகளை நல்ல தகப்பன் பொறுப்பதுபோல் மக்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கின்றன. ஆனால் தன்னைப் பொறுப்பதற்கு அவர் கற்றிருந்ததாகத் தெரியவில்லை. போர்த்துக்கீசியரின் அட்டூழியங்களைக் கேட்டு, வாழவே சலிப்பாயிருக்கிறது என்று எழுதுமளவு தளர்ந்தார். அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் புதுக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். புனிதர்தானே என்று நாம் இவற்றை விரைவாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். 1545இல் மயிலாப்பூர் வந்தார். அப்போது சென்னைப் பட்டணமே கிடையாது. புனித தோமையார் கல்லறை அருகில், பங்குக்குரு கஸ்பார் கோயல்லோவின் வீட்டில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கினார். இரவுகளில் கல்லறையருகே செபித்தார். எங்கே போவது என்ற குழப்பம் அங்கேதான் தெளிந்தது. ஓடிக்கொண்டேயிருந்தவர் ஒரு வீட்டில், ஒரு நண்பரோடு, நின்றார். பின்னர் மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. மொலுக்கஸ் தீவுகளுக்கு வர மறுத்த மான்சிலாசைச் சவேரியார் சபையிலிருந்து விலக்கினார். அவரும் களைத்திருந்தாரோ என்னவோ! அந்தப் பரிவு உடனுழைத்தவருக்குக் கிட்டவில்லை.

1546இல் அம்போன் தீவிலிருந்தார். ஐரோப்பிய நண்பர்களின் கடிதங்கள் வந்து சேர ஆண்டுகளாகும். அவற்றில் அவர்கள் கைப்பட எழுதியிருந்த பெயர்களை மட்டும் கத்தரித்தெடுத்து, போகுமிடமெல்லாம் தன்னோடு சுமந்தார். 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில் அவர் இறந்தபோது, கழுத்தில் தொங்கிய சிறு பேழையில் இஞ்ஞாசியாரின் கையொப்பம் இருந்தது.